சிவு மொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் சிவு என்று ஒரு மொழி இருக்கிறது என்று சொன்னதுமே வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை, வேண்டியதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த ஊர்ப் பக்கம் பேசுகிறார்கள்?

கானாவின் கிழக்கு ஓரத்தில், டோகோ நாட்டு எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில். அந்த வட்டாரத்துக்குப் பெரிய ஊர் ஹொஹோயே, சந்தை கூடுகிற இடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அக்பாஃபு, லொலோபி என்று இரண்டு ஊர்க்கூட்டங்கள் இருக்கின்றன. சிவு இந்த இரண்டுக்கும் சொந்தம். அக்பாஃபு என்பது ஒரே ஊர் இல்லை. மலைமேல் டோட்ஸி, கீழே ஓடோமி, மெம்பெயாசெம், அடோகோர் என்று தனித்தனிக் கிராமங்கள். லொலோபியிலும் அப்படித்தான். அங்கே ஒரு கிராமத்தின் பெயர் குமாசி, அதைப் பார்த்துவிட்டு அஷாந்தி நாட்டுப் பெருநகரம் குமாசி என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு.

இந்த ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தாலே அந்த வட்டாரத்தின் நிலைமை புரிந்துவிடும். டோட்ஸி என்பது எவே மொழியில் ‘மலைமேல்’. மெம்பெயாசெம் என்பது அக்கான் மொழியில் ‘எனக்கு வம்பு வேண்டாம்’. பேசுகிற மொழி சிவு, ஊர்ப் பலகையில் இருப்பதோ அக்கம்பக்கத்துப் பெரிய மொழிகள்.

எத்தனை பேர் பேசுகிறார்கள்?

சுமார் 10,000 என்று எழுதும் ஆய்வாளர்கள் உண்டு, 27,000 என்று போடும் பட்டியலும் உண்டு. இடையில் எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் நம் ஊரில் ஒரு சின்னப் பேரூராட்சி அளவு.

சிவுவா அக்பாஃபுவா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர் இருக்கிறதே?

அக்பாஃபு என்பது வெளியார் வழக்கில் நிலைத்த பெயர், வரைபடத்திலும் அரசுத் தாள்களிலும் அதுதான் இருக்கும். உலக மொழிகளுக்கு மூன்றெழுத்துக் குறியீடு கொடுக்கும் பட்டியலில்கூட இந்த மொழிக்கு ஏ-கே-பி என்றுதான் இருக்கிறது, அதுவும் அக்பாஃபுவிலிருந்து வந்ததுதான். அவர்களே சொல்லும்போது மொழி சிவு, மக்கள் மவு, நிலம் கவு.

இங்கே வேர் ‘வு’ மட்டும்தான். முன்னால் ‘சி’ வந்தால் மொழி, ‘ம’ வந்தால் ஆட்கள், ‘க’ வந்தால் இடம். நாம் சொல்லின் வாலில் விகுதி சேர்த்துச் செய்கிற வேலையை அவர்கள் தலையில் சேர்த்துச் செய்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் லுகாண்டா என்றால் மொழி, பகாண்டா என்றால் மக்கள், புகாண்டா என்றால் நாடு என்பதைக் கேள்விப்பட்டிருந்தால் அதே சங்கதிதான். பெயர்ச்சொற்கள் எல்லாமே இப்படி வகுப்பு வகுப்பாகப் பிரிந்து கிடக்கும், எந்த வகுப்பு என்பதைப் பொறுத்து அதைச் சுற்றியுள்ள சொற்களும் இணங்கிப் போகும். பக்கத்து மலை மொழிகளிலும் இதே ஏற்பாடு. ஆனால் அந்த வட்டாரத்தின் பெரிய மொழியான எவேயில் இது கிடையாது.

அப்படியானால் சிவு எவேயின் ஒரு வட்டார வழக்குதானே?

இல்லை. எவே மட்டும் தெரிந்தவருக்குச் சிவு புரியாது, அவ்வளவுதான் விஷயம். ‘ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான வட்டார வழக்குகள் இருக்கின்றன’ என்று செய்திகளில் எழுதுகிறார்களே, அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பேசுபவர்கள் குறைவு என்பதற்காக ஒரு மொழி இன்னொன்றின் வழக்கு ஆகிவிடாது. சிவுவுக்குள்ளேயே வழக்குகள் உண்டு, அக்பாஃபுப் பேச்சும் லொலோபிப் பேச்சும் கொஞ்சம் வித்தியாசப்படும்.

எந்த மொழிக் குடும்பம்?

நைஜர்-காங்கோ என்ற பெருங்குடும்பம். அதற்குள் அக்கான், எவே இருக்கும் க்வா கிளையில் வழக்கமாகச் சேர்ப்பார்கள். இன்னும் குறிப்பாகச் சொன்னால் கானா-டோகோ மலைமொழிகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, 14 அல்லது 15 மொழிகள். லிக்பே பக்கத்து செக்பெலே, சான்ட்ரோகோஃபியின் செலே, புவெம் பக்கத்து லெலெமி, தெற்கே அவாத்திமே, லோக்பா எல்லாம் இதில் வரும். இவை எல்லாம் உண்மையிலேயே ஒரு தாய் மக்களா, மலையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்களா என்ற சண்டை இன்னும் முடியவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் அறிஞர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் ‘டோகோவின் மிச்ச மொழிகள்’. சாப்பிட்டு முடித்த தட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சொல்வதுபோல. நல்லவேளை, அந்தப் பெயர் இப்போது வழக்கொழிந்துவிட்டது. மலைமொழிகள் என்பது எவ்வளவோ தேவலை.

தொனி மொழி என்கிறார்கள், அப்படியென்றால் என்ன?

நாமும் குரலை ஏற்றி இறக்கிப் பேசுகிறோம். ‘வந்தாச்சு’ என்று சாதாரணமாகச் சொன்னால் செய்தி, கடைசியில் ஏற்றினால் கேள்வி. ஆனால் ‘வந்தாச்சு’ என்ற சொல்லின் பொருள் அப்படியே இருக்கிறது, மாறுவது வாக்கியத்தின் போக்கு மட்டும். தொனி மொழியில் ஒவ்வொரு அசையும் இந்த உயரத்தில் வர வேண்டும் என்று சொல்லுக்குள்ளேயே கட்டாயம் இருக்கும். உயரம் மாறினால் வேறு சொல்.

சிவுவில் உயர்ந்தது, நடு, தாழ்ந்தது என மூன்று மட்டங்கள். இதே மூன்று மட்டம் உள்ள நைஜீரியாவின் யோருபாவில் எல்லாரும் காட்டும் உதாரணம் ஒன்று இருக்கிறது. ‘ஒகொ’ என்ற ஒரே ஒலியை இரண்டு அசையும் நடு மட்டத்தில் சொன்னால் கணவன். இரண்டாம் அசையை உயர்த்தினால் மண்வெட்டி. தாழ்த்தினால் வண்டி. எழுத்துக்கு எழுத்து மாற்றமே இல்லை.

இதற்கு இசைஞானம் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். உயர்ந்தது என்றால் இத்தனை கட்டை சுருதி என்று கணக்குக் கிடையாது, பக்கத்து அசையைவிட உயர்ந்தது, அவ்வளவே. கட்டைக் குரல் தாத்தாவும் கீச்சுக்குரல் பேத்தியும் அதே சொல்லை அவரவர் சுருதியில்தான் சொல்கிறார்கள், இருவருக்கும் புரிகிறது. தொனி என்றாலே சீன மொழிதான் ஞாபகம் வருகிறது பலருக்கு. ஆனால் சகாராவுக்குத் தெற்கே பெரும்பாலான மொழிகள் தொனி மொழிகள்தான். சுவாகிலி, வொலோஃப், ஃபுலா மாதிரித் தொனி இல்லாதவைதான் அங்கே விதிவிலக்கு.

‘அக்பாஃபு’வை எப்படி உச்சரிப்பது?

‘அக்’ என்று நிறுத்திவிட்டு ‘பா’ என்றால் தப்பு. க-வும் ப-வும் ஒரே நேரத்தில் வர வேண்டும். உதட்டை ப-வுக்காக மூடிக்கொள்ளுங்கள், அதே சமயம் நாக்கின் பின்பக்கத்தை க-வுக்காக மேலே ஒட்டுங்கள், அப்புறம் இரண்டையும் ஒன்றாக விடுங்கள். தண்ணீருக்குள் குமிழி வெடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இதன் கனத்த வடிவமும் உண்டு, ‘குட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியையும் ‘பஸ்’ என்பதன் முதல் ஒலியையும் ஒன்றாகச் சேர்த்ததுபோல. லிக்பே, லோக்பா என்று அந்தப் பக்கத்துப் பெயர்களில் இந்த ஒலிகள் நிறைய வரும்.

சொந்த எழுத்து உண்டா?

லத்தீன் எழுத்துதான், எவேக்கு ஜெர்மன் மிஷனரிகள் உருவாக்கிக் கொடுத்த பாணியில். எ, ஒ இரண்டிலும் வாயைக் கொஞ்சம் அதிகம் திறந்து சொல்லும் தனி உயிர்கள் இருப்பதால் ஆங்கிலத்தில் இல்லாத இரண்டு எழுத்துகள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று சி என்ற ஆங்கில எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல, மற்றது 3 என்ற எண்ணைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும். தொனிக் குறிகளை ஆய்வாளர்கள் போடுவார்கள், சாதாரணமாக எழுதும்போது பெரும்பாலும் போடுவதில்லை. மொழி தெரிந்தவருக்கு இடத்தைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும்.

தொனி இருந்தால் பாட்டு எப்படிப் பாடுவார்கள்? மெட்டு மேலே போகும்போது பொருள் மாறிவிடாதா?

நல்ல கேள்வி, இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. மிஷனரிகள் ஜெர்மன், ஆங்கிலத் துதிப்பாடல்களை மெட்டோடு கொண்டுவந்து எவே, அக்கான் சொற்களை அதில் திணித்தார்கள். மெட்டு ஒரு பக்கம் இழுக்க, சொல்லின் தொனி இன்னொரு பக்கம் இழுத்தது. பெக்கி ஊரில் 1899-இல் பிறந்த எஃப்ரைம் அமு என்ற இசையமைப்பாளர் சொல்லின் தொனியை மதித்து மெட்டுப் போட வேண்டும் என்று தம் வாழ்நாள் முழுக்க அதைச் செய்து காட்டினார். கானாவில் இன்றும் மரியாதையோடு பேசப்படும் பெயர்.

ஆனால் மெட்டு தொனிக்கு அடிமை என்றும் சொல்ல முடியாது. கோஃபி அகாவு என்ற கானா இசையறிஞர் வடக்கு எவேப் பாடல்களை எடுத்துப் பார்த்து, சில இடங்களில் மெட்டு தொனியோடு போகிறது, சில இடங்களில் இசையின் நியாயமே ஜெயிக்கிறது என்று காட்டினார். அவரே அக்பாஃபுச் சாவுச் சடங்கு இசையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சிவு ஒப்பாரிகள் அந்த மக்களின் வாய்மொழி இலக்கியத்தில் கனமான பகுதி.

இந்த மொழியில் அப்படி என்ன விசேஷம்? ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

சளசள, மொறுமொறு, வழவழ, திடுதிடு. இந்த மாதிரிச் சொற்கள் இல்லாமல் ஒரு மணி நேரம் தமிழ் பேசிப் பாருங்கள், நாக்கு கட்டிப்போட்டதுபோல இருக்கும். ஆங்கிலத்தில் இவை ரொம்பக் குறைவு, இருப்பதும் குழந்தைப் பேச்சு என்று ஒதுக்கப்படுகிறது. சிவுவில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதுவும் பெரியவர்கள் பேச்சில், காரியமான பேச்சில்.

மார்க் டிங்கமான்சே என்ற நெதர்லாந்து மொழியியலாளர் அக்பாஃபு-மெம்பெயாசெமில் தங்கி வேலை செய்து, 2011-இல் நெய்மேகன் பல்கலைக்கழகத்தில் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு முழுக்க இந்தச் சொற்களைப் பற்றியதுதான். சிலதைப் பாருங்கள் (தமிழ் எழுத்தில் கிட்டத்தட்டத்தான் வரும்): கெலெகெலெ என்றால் பளபளப்பு. ஃபுத்துத்து என்றால் தூய வெள்ளை, நம் வெள்ளைவெளேர். கனனா என்றால் நிசப்தம். ஞெக்கெஞெக்கெ என்றால் திகட்டத் திகட்ட இனிப்பு. ஸாஆஆ என்றால் உடம்பில் பரவும் குளிர்ச்சி. யுவாயுவா என்றால் தகதகவென எரிகிற உணர்வு. முக்குமுக்கு என்றால் பல் போனவர் வாயை அசைத்து அசைத்துச் சாப்பிடுவது. இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ஒரே சொல் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்தபாடில்லை.

நம் இரட்டைக்கிளவியோடு அப்படியே பொருந்துமா என்றால், பாதி பொருந்தும். இரட்டித்து வருவது நிறைய, ஆனால் கனனா, ஸாஆஆ மாதிரி இரட்டிக்காமல் நீள்வதும் நிறைய. நீட்டுவதற்கு அளவே கிடையாது, நிசப்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கேற்ப அந்தக் கடைசி ஆகாரத்தை இழுத்துக்கொண்டே போகலாம். சொல்லும்போது குரலும் மாறும், கையும் கூடவே வேலை செய்யும். ஒலியை மட்டும் குறிப்பவை என்று நினைத்துவிட வேண்டாம். பார்வை, தொடுவுணர்வு, சுவை, நடை, உடம்புக்குள் நடப்பது எல்லாவற்றுக்கும் உண்டு.

எங்கே பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். அந்த ஊர்களில் சாவுச் சடங்குகளுக்குப் பழைய துப்பாக்கிகளை வெடிக்க உள்ளூரிலேயே வெடிமருந்து தயாரிப்பார்கள். அப்படி மருந்து இடிக்கிற இடத்துப் பேச்சையும் டிங்கமான்சே பதிவு செய்திருக்கிறார். தூள் இன்னும் கரகரவென்று இருக்கிறதா, பொசுபொசுவென்று ஆகிவிட்டதா, இன்னும் இடிக்கணுமா என்று ஆளுக்கு ஆள் பதம் பார்த்துச் சொல்லிக்கொள்வது எல்லாம் இந்தச் சொற்களில்தான். பஜ்ஜி மாவுக்குப் பதம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அலங்காரத்துக்குப் போட்டுக்கொள்வதாக இருந்தால் வெடிமருந்து விஷயத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

மொழி தெரியாதவர் கேட்டாலே பொருள் புரியுமா?

கொஞ்சம். சிவு, எவே, ஜப்பான், கொரியா, மலேசியக் காட்டுப்பகுதியின் செமாய் ஆகிய 5 மொழிகளிலிருந்து இப்படிப்பட்ட சொற்களை எடுத்து, டச்சுக்காரர்களிடம் போட்டுக் காட்டி, இரண்டு பொருளில் எது சரி என்று கேட்ட ஒரு சோதனை 2016-இல் வெளியானது. குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வரும். அவர்கள் சொன்னது அதைவிடக் கொஞ்சம்தான் மேலே. ஒலியைக் குறிக்கும் சொற்களில் எளிதாகச் சிக்கியது, மற்றவற்றில் தடுமாறினார்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். சிவுவில் ‘மினிமினி’ என்று ஒரு சொல் இருக்கிறது. என்ன பொருள்? நீங்கள் மினுமினுப்பு என்று சொல்லியிருப்பீர்கள். பந்து மாதிரி உருண்டை என்பதுதான் பொருள். சொன்ன பிறகு பார்த்தால் ‘ஆமாம், உருண்டை மாதிரித்தான் கேட்கிறது’ என்று தோன்றுகிறது பாருங்கள், அதுதான் இந்தச் சொற்களின் தந்திரம்.

இக் நோபல் பரிசு வாங்கிய மொழியாமே?

மொழி வாங்கவில்லை, ஆய்வு வாங்கியது. (இக் நோபல் என்பது முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கும் வேடிக்கைப் பரிசு.) எதிரில் பேசுகிறவர் சொன்னது காதில் விழாவிட்டால் ‘ஆங்?’ என்போம் இல்லையா, அது மாதிரி ஒரு சொல் எல்லா மொழியிலும் இருக்கிறதா என்று டிங்கமான்சேயும் இரண்டு சகாக்களும் பார்த்தார்கள். 10 மொழிகளை நெருக்கமாக, நிஜமான பேச்சுப் பதிவுகளிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். அதில் சிவுவும் ஒன்று; ஐஸ்லாந்து மொழி, மாண்டரின், லாவோ எல்லாம் உண்டு. எங்கும் அந்தச் சொல் ஒரே அசை, வாயை அதிகம் நகர்த்தாமல் வருகிற உயிரொலி, பெரும்பாலும் கேள்விக் குரல். தொடர்பே இல்லாத மொழிகளில் ஒரு சொல் இவ்வளவு ஒத்துப்போவது அதிசயம்தான். காரணம், எல்லா ஊரிலும் அந்தச் சொல்லுக்கு வேலை ஒன்றே: சட்டென்று, யோசிக்காமல், எதிராளியைத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். அந்த வேலையே அதை அந்த வடிவத்துக்குச் செதுக்கிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். 2013-இல் வந்த கட்டுரை, 2015-இல் இக் நோபல், இலக்கியப் பிரிவில்.

சிவு என்பது சிவன் என்பதிலிருந்து வந்ததா? தமிழோடு தொடர்பு உண்டா?

இல்லை. ‘சி’ முன்னொட்டு, வேர் ‘வு’ மட்டும் என்று மேலே சொல்லியாயிற்று; முன்னொட்டைக் கழற்றினால் சிவனும் போய்விடுவார். கேமரூன் மொழிகளும் தமிழும் ஒன்று என்று சுற்றிவரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு யாராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். நாலு சொல் ஒலியில் ஒத்திருந்தால் உறவு ஆகிவிடாது, மேலே மினிமினி என்ன ஆயிற்று பார்த்தீர்கள்தானே.

அந்த மக்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள்?

இன்றைக்கு விவசாயம், கொக்கோ, அரசு வேலை, தலைநகர் அக்ராவுக்குப் போய்ச் சம்பாதிப்பது என்று கானாவின் மற்ற பகுதி மாதிரித்தான். ஆனால் பழைய கதை வேறு. டோட்ஸி மலையில் இரும்புத்தாது இருந்தது. மலையைக் குடைந்து தாது எடுத்து, கரி போட்டு உருக்கி, மண்வெட்டியும் கத்தியும் அடித்து அக்கம்பக்கத்தாருக்கு விற்றவர்கள் அக்பாஃபுக்காரர்கள். இறக்குமதி இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் உலை அணைந்துபோனது. ஆர். எஸ். ராட்ரே என்ற ஆங்கிலேய அதிகாரி 1916-இல் அக்பாஃபு இரும்புத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்காவின் ‘சின்ன’ இனம் என்றதும் காட்டில் ஒதுங்கிக் கிடந்தவர்கள் என்று ஒரு படம் மனதில் வருகிறதே, அதற்கு நேர் எதிர். சுற்று வட்டாரமே இவர்கள் அடித்த இரும்பை வைத்து உழுதது.

அடுத்தது அரிசி. நாம் சாப்பிடுவது ஆசிய நெல். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் ஆற்றங்கரையில் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பயிராக்கப்பட்ட இன்னொரு நெல்லினம் உண்டு, ஒரைசா கிளாபெரிமா. ஐரோப்பியர் வழியாக வந்த ஆசிய நெல் விளைச்சலில் முந்தியதால் பல இடங்களில் அது ஒதுங்கிவிட்டது. அக்பாஃபு, லிக்பே, சான்ட்ரோகோஃபி மலைச்சரிவுகளில் அதை விடாமல் வைத்திருந்தார்கள். சிவந்த தவிட்டு அரிசி, வரப்பு கட்டித் தண்ணீர் தேக்காமல் மழையை நம்பி விளைவது, களையையும் வறண்ட மண்ணையும் தாக்குப்பிடிக்கும். மணி சுலபமாக உதிர்ந்துவிடும், குத்தும்போது உடையும், அதனால் வியாபாரிக்குப் பிடிக்காது. சடங்குக்கு அதுதான் வேண்டும் என்பதால் நிலைத்தது. அக்பாஃபுவில் அரிசிக்கென்றே திருவிழா உண்டு.

பள்ளிக்கூடத்தில் சிவு சொல்லிக் கொடுக்கிறார்களா?

பாடத்திட்டத்தில் இல்லை. கானாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். அதற்குக் கீழே அரசு ஆதரவு பெற்றவை 11: அக்கானின் மூன்று எழுத்து வடிவங்கள், எவே, கா, டங்மே, ன்சேமா, டக்பானி, டகாரே, கோன்ஜா, காசெம். இந்தப் பட்டியலில் இல்லாத மொழிக்காரர்கள் பக்கத்துப் பட்டியல் மொழியைப் படிக்க வேண்டியதுதான். சிவுப் பிள்ளைகளுக்கு அது எவே. கோயிலிலும் மிஷனரி காலத்திலிருந்தே எவேதான் ஓங்கியிருக்கிறது. ஆகவே ஒரு சாதாரண அக்பாஃபு ஆள் வீட்டில் சிவு, கோயிலிலும் ஹொஹோயே சந்தையிலும் எவே, தூரத்து ஊர்க்காரரோடு அக்கானின் ட்வி, அலுவலகத்தில் ஆங்கிலம் என்று நாலு மொழியில் புழங்குவார்.

அப்படியானால் சீக்கிரம் அழிந்துவிடுமா?

இந்தக் கேள்வியைச் சின்ன மொழி எதைப் பற்றி எழுதினாலும் முதலில் கேட்கிறார்கள், நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி. சிவு வீட்டில் பேசப்படுகிறது, பிள்ளைகள் தாய்ப்பாலோடு கற்கிறார்கள், வேலையிடத்தில், சண்டையில், கேலியில், சாவு வீட்டில் எல்லா இடத்திலும் ஓடுகிறது. எண்ணிக்கை மட்டும் ஒரு மொழியின் ஆயுளைச் சொல்லாது. அடுத்த தலைமுறை கற்கிறதா என்பதுதான் சொல்லும். நாலு மொழி தெரிவதும் ஆபத்து இல்லை. அந்த மலையில் பல மொழி பேசுவது நூற்றாண்டுகளாக இருக்கும் வழக்கம், அப்படியும் சிவு போகவில்லை.

கவலைப்பட வேண்டியது உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். எவேயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அக்ராவில் வளரும் பிள்ளைக்கு ட்வியும் ஆங்கிலமும் போதும். ஆனால் என்னைக் கேட்டால் இந்த மக்களுக்கு உடனடித் தொல்லை கொடுத்தது மொழி இல்லை, எல்லைக்கோடு.

அதென்ன எல்லைக்கோட்டுக் கதை?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இது ஜெர்மன் டோகோ. முதல் உலகப்போரில் ஜெர்மானியர் தோற்றதும் பிரிட்டனும் பிரான்சும் டோகோவைப் பங்கு போட்டன, அந்த மலையையொட்டியே கோடு விழுந்தது, மலைமொழிகளில் சில இரண்டு பக்கமும் சிதறின. அக்பாஃபு பிரிட்டன் பக்கம். 1956 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் பிரிட்டிஷ் டோகோ பக்கத்துப் பிரிட்டிஷ் காலனியான கோல்ட் கோஸ்ட்டோடு சேர முடிவாகி, மறு வருஷம் எல்லாம் சேர்ந்து கானா ஆயிற்று.

இது பழசு. புதுசு இதுதான்: 2018 டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடந்து, வோல்டா மாகாணத்தின் வடபகுதி ஓட்டி என்ற தனி மாகாணம் ஆனது. சான்ட்ரோகோஃபி, அக்பாஃபு, லிக்பே, லொலோபி நான்கும் ஓட்டிக்குப் போயின. ஆனால் அவர்கள் வாக்களித்து வந்த ஹொஹோயே தொகுதி வோல்டாவில் இருந்தது. ஒரு தொகுதி இரண்டு மாகாணத்தில் கால் வைக்கக் கூடாது என்பது கானா அரசியலமைப்புச் சட்டம். இவர்களுக்கென்று குவான் என்ற மாவட்டம் அறிவித்தார்கள், தொகுதி மட்டும் அமைக்கவில்லை. 2020 டிசம்பர் 7 தேர்தலுக்கு முந்தைய நாள்தான், நீங்கள் அதிபருக்கு மட்டும் வாக்களிக்கலாம், நாடாளுமன்ற உறுப்பினருக்கு இல்லை என்று தேர்தல் ஆணையம் சொன்னது.

அந்தத் தேர்தலின் முடிவு என்ன தெரியுமா? இரண்டு பெரிய கட்சிகளுக்கும் 137, 137. மீதி ஒரே ஒரு சுயேச்சை. ஒரு நாற்காலிக்கு நாடே மல்லுக்கட்டிய நாடாளுமன்றத்தில் இந்த நான்கு ஊர்க்கூட்டங்களுக்கும் நாற்காலியே இல்லை. நாலு ஊரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சால்’ என்று ஒரு சொல் கானா அரசியலில் நிலைத்துவிட்டது, அக்பாஃபு என்ற பெயரைக் கேள்விப்படாத கானாக்காரர்கள்கூட அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2024 தேர்தலில்தான் குவான் தொகுதி வந்தது, நாடாளுமன்றம் 275-இலிருந்து 276 ஆனது.

சரி, கற்றுக்கொள்ள வேண்டும் என்றால்?

செயலியில் எல்லாம் கிடைக்காது. ஆய்வுக்கட்டுரைகளில் இலக்கணக் குறிப்புகளும் எழுதியெடுத்த உரையாடல்களும் இருக்கின்றன, மொழியியல் பழக்கம் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் முதலில் எவே கொஞ்சம் பழகுங்கள், அதற்குப் பாடநூல்கள் உண்டு, தொனி காதுக்குப் பிடிபடும், அந்த இரட்டை ஒலிகளும் வாய்க்கு வரும், ஹொஹோயேயில் பேச்சுக்கும் உதவும். அப்புறம் நேரே போக வேண்டியதுதான். அக்ராவிலிருந்து ஹொஹோயேக்கு ட்ரோட்ரோ என்று சொல்லும் பங்கு வேன்கள் போகும், வழியில் அடோமி பாலத்தில் வோல்டா ஆற்றைக் கடக்கும். ஹொஹோயேயில் இறங்கி அக்பாஃபு வண்டி எது என்று கேட்டு ஏறிக்கொள்ளுங்கள், ஆங்கிலமே போதும். வேன் நிரம்பினால்தான் கிளம்பும், எனவே நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.